சீன ஆர்டர்: ‘30 நாள்’ எந்தத் தேதியிலிருந்து? கேள்வி பதில்

சீனாவில் ஆர்டர் போட்டுச் சென்னையில் இறக்குவது பற்றி வந்த கேள்விகளில், நாள் கணக்கு தொடர்பானவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன். ஃபேக்டரி தேடுவதும் விலை பேசுவதும் தனிக்கதை.

கோவையிலிருந்து: அண்ணா, 30 நாளில் முடித்துத் தருகிறோம் என்றார்கள். அட்வான்ஸ் அனுப்பி 40 நாள் ஆகிவிட்டது. கேட்டால் ‘தாமதமே இல்லை’ என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை தம்பி. அவர்கள் கணக்கு நீங்கள் பணம் அனுப்பிய நாளில் தொடங்குவதில்லை. 30 சதவீத அட்வான்ஸ் அவர்கள் வங்கியில் விழ வேண்டும், சாம்பிளுக்கு நீங்கள் ஓகே சொல்ல வேண்டும், அட்டைப்பெட்டி டிசைன் முடிவாக வேண்டும். இதில் எது கடைசியோ அன்றுதான் முதல் நாள். லோகோவை மூன்றாவது வாரத்தில் அனுப்பியிருந்தால் கணக்கு அங்கிருந்துதான். ஞாயிற்றுக்கிழமையைச் சேர்க்கிறார்களா என்றும் கேளுங்கள்.

அந்த 30 நாள் முடிவதும் உங்கள் குடோனில் அல்ல, அவர்கள் குடோனில். அதனால் ஆர்டருக்கு முன் அவர்கள் தரும் உத்தேச பில்லான ப்ரோஃபார்மா இன்வாய்ஸில் ‘30 நாள்’ என்று எழுத விடாதீர்கள், ‘இன்ன தேதியில் சரக்கு ரெடி’ என்று எழுதச் சொல்லுங்கள். அவர்கள் பயன்படுத்தும் வீசாட் ஆப்பில் ‘நோ ப்ராப்ளம் ஃப்ரெண்ட்’ என்று மட்டும் பதில் வந்தால், தேதியை இன்னொரு முறை கேட்பது நல்லது.

ஈரோட்டிலிருந்து: மெஷினில் மூன்று நாளில் அடித்துவிடும் பிளாஸ்டிக் சாமானுக்கு எதற்கு சார் ஒரு மாதம்?

மெஷின் ஓடும் நேரம் மூன்று நாள்தான். மீதி எல்லாம் காத்திருப்பு. தீபாவளிக்கு முந்தின வாரம் தையல்காரரிடம் துணி கொடுத்தவர்களுக்கு இது புரியும்.

நீங்கள் ஃபேக்டரி என்று நினைக்கும் இடம் பல நேரம் பொருத்திப் பெட்டியில் போடும் இடம் மட்டுமே. பிளாஸ்டிக் குருணை ஒருவரிடம், நிறம் இன்னொருவரிடம், ஸ்க்ரூ வேறொருவரிடம், அட்டைப்பெட்டி நாலாவது ஆளிடம். எல்லாம் தயாராக இருந்து பெட்டி மட்டும் வராமல் சரக்கு ஒரு வாரம் நிற்பது சாதாரணம். அவர்களிடம் இருக்கும் நிறத்திலேயே எடுத்துக்கொண்டால் நாள் குறையும். ‘பாண்டோன் நம்பர் இதுதான்’ என்று நிற அட்டையில் உள்ள ஒரே நிறத்துக்கு நின்றால் கூடும்.

இன்னொன்றை அவர்கள் சொல்ல மாட்டார்கள். பெரிய ஆர்டர் வந்தால் சின்ன ஆர்டர் வரிசையில் பின்னால் போகும். ஆகஸ்ட், செப்டம்பரில் மேல்நாட்டுக் கிறிஸ்துமஸ் சரக்கு லைனைப் பிடித்துக்கொள்ளும். அப்போது 500 பீஸ் கேட்பவருக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்த டிசைனுக்கு மோல்டு, அதாவது வார்ப்பு அச்சு, போடுவதானால் மோல்டுக்கே ஒரு மாதம், ஒன்றரை மாதம். முதல் சாம்பிள் அப்படியே சரியாக வரும் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள்.

மதுரையிலிருந்து: சீனப் புத்தாண்டுக்கு ஒரு வாரம்தானே லீவு? அதற்கு ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்?

அரசு விடுமுறை ஒரு வாரத்துக்குச் சற்று மேல்தான். 2026-ல் புத்தாண்டு பிப்ரவரி 17, 2027-ல் பிப்ரவரி 6. ஆனால் தென் சீன மாகாணமான குவாங்டாங்கின் ஃபேக்டரிகளில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதி ஹுனான், சிச்சுவான், குவாங்சி போன்ற வெளி மாகாணத்து ஆட்கள். இரண்டு வாரம் முன்பே ஊருக்குக் கிளம்பத் தொடங்கிவிடுவார்கள். பெட்டி செய்பவர், பெயின்ட் அடிப்பவர் போன்ற சின்னப் பட்டறைகள் அதற்கும் முன்னால் மூடும். திரும்புவது பதினைந்தாம் நாள் விளக்குத் திருவிழா முடிந்து. சிலர் வேறு ஃபேக்டரிக்குப் போய்விடுவார்கள், புது ஆட்கள் பழக வேண்டும். ஒரு வாரம் என்பது நடைமுறையில் மாதத்துக்கு மேல்.

லீவுக்கு முந்தைய பத்து நாளில் அவசரமாக முடித்த சரக்கும், லீவு முடிந்து முதலில் வரும் சரக்கும் எனக்குப் பிடிக்காது. வேறு வழியில்லை என்றால் வெளி ஆளை வைத்து இன்ஸ்பெக்‌ஷன் செய்யாமல் பாக்கி 70 சதவீதத்தைக் கொடுக்காதீர்கள்.

அக்டோபர் 1 முதல் ஒரு வார தேசிய தின விடுமுறையும் உண்டு. அது இவ்வளவு மோசமில்லை.

திருச்சியிலிருந்து: 2026 தீபாவளிக்குப் பரிசுப் பொருள் விற்க எப்போது ஆர்டர் போட வேண்டும் அண்ணா?

தீபாவளி நவம்பர் 8. கடைக்காரர்கள் அக்டோபர் தொடக்கத்திலேயே வாங்கிவிடுவார்கள், ஆகவே உங்கள் குடோனுக்குச் செப்டம்பர் நடுவில் வந்தாக வேண்டும். ஷென்சென், நிங்போவிலிருந்து சென்னைக்குக் கடலில் இரண்டு முதல் மூன்று வாரம். சிங்கப்பூரிலோ மலேசியாவின் போர்ட் கிளாங்கிலோ கப்பல் மாறினால் இன்னும் கூடலாம். ஆக, ஆகஸ்ட் முதல் பாதியில் கப்பல் ஏற வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை தென் சீனாவில் புயல் காலம் வேறு. துறைமுகம் இரண்டு நாள் மூடினாலும் தேங்கிய கப்பல் கலைய நாளாகும். என்னைக் கேட்டால், ஜூன் முதல் வாரத்தில் அட்வான்ஸ் போயிருக்க வேண்டும். சாம்பிள் வேலையை மே மாதமே முடியுங்கள்.

சேலத்திலிருந்து: என் சரக்கு நாலு கன மீட்டர்தான். பங்கு கன்டெய்னரில் போட்டால் லேட் ஆகுமா?

ஆகும். பலர் சரக்கு சேர்ந்து கன்டெய்னர் நிரம்பும்வரை அங்கே காத்திருக்கும். இங்கே வந்தபின் சி.எஃப்.எஸ். எனப்படும் கன்டெய்னர் சரக்கு நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்து எடுக்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

சிவகாசியிலிருந்து: ஷாண்டோவில் பொம்மை விலை மலிவாக இருக்கிறது. எத்தனை நாளில் வரும்?

நாளைப் பிறகு பேசலாம். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். உரிமத்தை நீங்கள் எடுக்க முடியாது, தயாரிக்கும் ஃபேக்டரி எடுத்திருக்க வேண்டும். அது இல்லாமல் வந்த சரக்கு துறைமுகத்திலேயே நிற்கும். உரிம எண்ணை வாங்கிச் சரிபார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

தூத்துக்குடியிலிருந்து: கப்பல் கிளம்பிவிட்டது. இனி காத்திருப்பதுதானே வேலை?

இல்லை. கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கின் டிராஃப்டில் பெயர், எடை, எச்.எஸ். கோடு (சுங்கத்துக்கான பொருள் எண்) எல்லாவற்றையும் இப்போதே பாருங்கள். பாக்கிப் பணம் போய்ச் சேரவும் சில நாள் ஆகும், அது சேர்ந்தால்தான் ஃபேக்டரிக்காரர்கள் பில் ஆஃப் லேடிங்கை விடுவிப்பார்கள். சுங்கத்துக்கான இறக்குமதி அறிவிப்பான பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருவதற்கு முந்தின நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம் முதல் மூன்று நாள் தினம் 5,000 ரூபாய், அதற்குப் பிறகு தினம் 10,000. சரக்கு எடுக்கத் தாமதமானால் விழும் டெமரேஜ் கட்டணம் தனி. சுங்க வேலையைப் பார்க்கும் உங்கள் கிளியரிங் ஏஜென்டுக்குக் காகிதங்களை இன்றே அனுப்பிவிடுங்கள்.