பணம் கட்டும் முன் வண்டியின் ஓரத்தைப் பாருங்கள்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "பையன் பிளஸ் டூ முடிச்சிட்டான். காருக்குக் கண்ணாடி மாதிரி பிலிம் ஒட்டுற வேலை கத்துக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். அஞ்சு நாள் பயிற்சி, முடிச்சதும் வேலைன்னு சொல்லிப் பணம் கேட்கிறாங்க. அவங்க அப்பா, 'ஸ்டிக்கர் ஒட்டுறதெல்லாம் ஒரு பொழப்பா'ங்கிறாரு. நான் என்ன செய்யட்டும்?"

அம்மா, இது பிழைப்புதான், நல்ல பிழைப்பும்கூட. ஆனால் ஐந்து நாளில் கைக்கு வருகிற வேலை இல்லை. அதனால் பணத்தை இப்போதைக்குக் கட்டாதீர்கள். முதலில் அந்தக் கடை ஒட்டி முடித்த இரண்டு வண்டிகளைப் போய்ப் பாருங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று கீழே சொல்கிறோம். மீன் வலையை ஒரு தடவை விரித்துப் பார்த்தாலே பின்னியது தேர்ந்த கையா, அவசரக் கையா என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். அதே கண் இங்கேயும் உதவும், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அவருக்காக முதலில் ஒன்று. இது ஸ்டிக்கர் இல்லை. பிபிஎஃப் (பெயின்ட் பாதுகாப்புப் பிலிம்) என்று கடைகளில் சொல்லும் இந்தப் பிலிம், வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் சுழலும் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காமல் காக்கப் பயன்பட்ட படலத்தின் வழியில் வந்தது. நல்ல பிலிம் டிபியு என்னும் பாலியூரித்தேன் வகை. கனம் ஏறத்தாழ 150 முதல் 200 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). காரில் கம்பெனி அடித்து அனுப்பும் பெயின்ட், எல்லா அடுக்கும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். பெயின்ட்டைவிடக் கனமான ஒரு தோலை, வளைவும் குழியுமான உடம்பின் மேல், ஒட்டியிருப்பதே தெரியாமல் போர்த்த வேண்டும். வேலையின் கஷ்டமும் மரியாதையும் அதில்தான் இருக்கிறது.

கடைக்குப் போனதும் இரண்டு வண்டி கேளுங்கள்: இந்த வாரம் ஒட்டியது ஒன்று, ஆறு மாதமாவது ஆனது ஒன்று. புதியதை மட்டும் காட்டிவிட்டுப் பழையதுக்கு மழுப்பினால் அதுவே பாதி பதில். கறுப்பு அல்லது அடர்நிற வண்டி கிடைத்தால் நல்லது, வெள்ளையில் பல குறைகள் ஒளிந்துகொள்ளும்.

டியூப் லைட் பானட்டில் விழும் இடத்தில் குனிந்து, சாய்வாகப் பாருங்கள். வெளிச்சக் கோடு நேராகத் தெரிய வேண்டும். ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரவென்று அலை அலையாக உடைந்தால் அது பெரும்பாலும் பிலிமின் தரக்குறைவு. அந்த வண்டியின் பெயின்டே அப்படி இருக்கவும் வாய்ப்புண்டு, பிலிம் இல்லாத பாகத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். மெல்லிய இணைகோடுகளோ புகை படிந்தது போன்ற மங்கலோ இருந்தால், பிலிமை அளவுக்கு மீறி இழுத்திருக்கிறார்கள். அது ஒட்டியவரின் தவறு, அப்புறம் சரியாகாது. சின்ன வெள்ளிப் படலம் போல மின்னினால் அங்கே பசை முழுக்கப் படியவில்லை.

கொப்புளங்களைப் பார்த்ததும் பயந்துவிடாதீர்கள். தண்ணீர்க் கொப்புளம் வேறு, காற்றுக் கொப்புளம் வேறு. புதிதாக ஒட்டிய வண்டியில் ஆங்காங்கே தண்ணீர் தேங்கியிருப்பது இயல்பு. பிலிம் வழியே மெல்ல ஆவியாகிச் சில நாளில், சில சமயம் இரண்டு மூன்று வாரத்தில் மறைந்துவிடும். காற்று அடைத்த கொப்புளம் மறையாது. ஆறு மாத வண்டியில் கொப்புளம் இருந்தால் அது காற்றுதான், அல்லது நடுவில் மணல் இருக்கிறது.

மணல் என்று சொன்னதும் நம் ஊர் நினைவுக்கு வந்திருக்கும். ஒரே ஒரு மணல் துகள் பிலிமுக்கு அடியில் மாட்டினால் போதும். துகள் கடுகில் பாதிகூட இருக்காது, அதைச் சுற்றி பிலிம் கூடாரம்போல் தூக்கி நின்று, துகளைவிடப் பல மடங்கு பெரிய வட்டமாகக் கண்ணில் படும். ஸ்குவீஜியால் (தண்ணீரை வழித்தெடுக்கும் பட்டை) எவ்வளவு அழுத்தினாலும் அது போகாது, பிலிமைத் தூக்கித் தண்ணீர் பீய்ச்சி எடுக்க வேண்டும். ஒட்டிப்போன பிலிமை அவசரத்தில் வெடுக்கென்று தூக்கினால் பசை கிழிந்து கோடு விழும். கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் ஷட்டரைத் திறந்துபோட்டு இந்த வேலை செய்கிற கடை எதுவாக இருந்தாலும், பையனை அங்கே விடாதீர்கள். மூடிய அறை, ஈரம் தெளித்த தரை, தலைக்கு மேலே ஓடாத மின்விசிறி, இவ்வளவாவது இருக்க வேண்டும்.

இப்போது ஓரத்துக்கு வாருங்கள். பானட்டின் விளிம்பு, கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் உள்ள குழி, பக்கக் கண்ணாடியின் கூடு, பம்பரின் மூலை. இந்த நான்கு இடமும் கடையின் ஜாதகம். தட்டையான கதவில் யாரும் ஒட்டிவிடலாம். நகத்தால் லேசாக வருடிப் பாருங்கள், பிலிம் நகத்தோடு எழும்பக் கூடாது. மூலையில் விரல் விரலாக மடிப்பு நீண்டிருந்தால், வளைவில் எங்கே இழுப்பது, எங்கே தளர்த்துவது என்ற கணக்கு தெரியாமல் ஒட்டியிருக்கிறார்கள். ஓரம் நெடுகக் கறுப்பு நூல்போல் அழுக்குக் கோடு இருந்தால், பிலிம் தூக்கி அதற்குள் தூசி போய்விட்டது.

ஓரத்தை உள்பக்கம் 5 முதல் 10 மில்லிமீட்டர் மடித்துவிடுவது பார்க்க அழகு. ஆனால் நம் கரையில் ஒரு சிக்கல் இருக்கிறது. தனுஷ்கோடி, பாம்பன் பக்கம் ஓடும் வண்டிகளின் பானட்டுக்கு அடிப்பக்க விளிம்பில் உப்பு படிந்திருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. அதைத் தனியாகக் கழுவி, ஆல்கஹால் துணியால் துடைத்து, உலர்த்தாமல் மடித்தால் சில வாரத்தில் மடிப்பு விரிந்துவிடும். தூக்கி நிற்கும் மடிப்பைவிட, விளிம்புக்கு 1 மில்லிமீட்டர் உள்ளே நேராக நிற்கும் வெட்டு எவ்வளவோ மேல் என்பது எங்கள் கருத்து.

கட்டாயம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: "வண்டி மேலே வைத்தே வெட்டுவீர்களா, பிளாட்டரில் வெட்டி எடுத்து வருவீர்களா?" பிளாட்டர் என்பது கணினி அளவுப்படி பிலிமை வெட்டும் இயந்திரம். இரண்டும் செய்யலாம். வண்டி மேல் வெட்டும்போது பிளேடு பிலிமோடு நிற்காமல் பெயின்டில் இறங்குவதுதான் ஆபத்து. பெயின்ட்டின் மேலடுக்கான கிளியர் கோட் 50 மைக்ரான் அளவுதான், கை ஒரு நொடி தடுமாறினால் போதும். கீறல் அன்றைக்குத் தெரியாது. பிலிமைக் கழற்றும் நாளில் அந்தக் கோட்டோடு பெயின்ட் உரிந்து வரலாம். தகடு வரை இறங்கியிருந்தால் உப்புக்காற்று அந்தக் கோட்டிலேயே துருவை ஆரம்பித்துவிடும். பிளேடு படாமல் வெட்டுவதற்கென்று நூல் பதித்த டேப் உண்டு. நல்ல கடையில் அது புழங்கும்.

பையன் என்ன கற்பான், எந்த வரிசையில் கற்பான் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று மாதம் பிலிமையே தொடவிடாமல் வண்டி கழுவச் சொன்னால் கோபப்பட வேண்டாம், அது சரியான கடை. ஷாம்பு கழுவல், இரும்புத் தூள் கரைக்கும் திரவம், ஒட்டிய அழுக்கைத் தேய்த்து எடுக்கும் களிமண் கட்டியான கிளே பார், கடைசியில் ஆல்கஹால் துடைப்பு என்று பரப்பை வழவழப்பாக்குவதுதான் வேலையில் பாதி. புதிதாக பெயின்ட் அடித்த வண்டி என்றால் அதிலுள்ள கரைப்பான் வெளியேற ஏறத்தாழ ஒரு மாதம் விட்டுத்தான் ஒட்ட வேண்டும் என்பதையும் அப்போதே கற்றுக்கொள்வான்.

அடுத்தது கலவை. இரண்டு ஸ்ப்ரே பாட்டில். ஒன்று வழுக்குக் கலவை: 1 லிட்டர் தண்ணீரில் சில சொட்டு முதல் அரை டீஸ்பூன் வரை குழந்தை ஷாம்பு. பிலிம் மிதந்து நகர இது வேண்டும். மற்றது பிடிப்புக் கலவை: 1 லிட்டரில் 100 முதல் 200 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மீதி தண்ணீர். ஓரத்தை நங்கூரம்போல் பிடிக்க வைப்பது இது. ஷாம்பு கூடினால் பசை பிடிக்காமல் ஓரம் வழுக்கும். ஆல்கஹால் கூடினால் நகர்த்துவதற்குள் பிடித்துக்கொள்ளும். நம் வெயிலில் காலையில் சரியாக இருந்த கலவை மதியம் சண்டித்தனம் பண்ணும்: தகடு சூடேறும், ஆல்கஹால் பறந்துவிடும், பசை சீக்கிரம் பிடிக்கும். அப்போது வழுக்குக் கலவையைக் கூட்டி, தகட்டைக் குளிர வைத்து ஒட்ட வேண்டும். புத்தகத்தில் படித்து வருவதில்லை, கையில் வருவது.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அந்தத் தண்ணீரில் கலவை போட்டால் ஓரத்தில் காய்ந்தபின் வெள்ளையாக உப்புப் பூக்கும், பசைக்கும் தகட்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். ஆர்ஓ தண்ணீரோ கேன் தண்ணீரோதான் கலவைக்கு. கடையில் பாட்டிலை எந்தக் குழாயில் நிரப்புகிறார்கள் என்று சும்மா பார்த்துக்கொண்டு நில்லுங்கள். எல்லாமே விளங்கிவிடும்.

பிறகுதான் ஒட்டுவது. முதலில் கதவு, அடுத்து பானட், கடைசியில் பக்கக் கண்ணாடியும் பம்பரும். ஸ்குவீஜியை நடுவிலிருந்து வெளியே, முந்தைய இழுப்பின் மேல் மூன்றிலொரு பங்கு ஏறும்படி இழுக்க வேண்டும். சூடான காற்று ஊதும் ஹீட் கன்னை ஒரே இடத்தில் காட்டினால் பிலிம் வெந்து மங்கிவிடும். பம்பரைத் தனியாக ஒட்டும் அளவுக்குக் கை வர, ஒழுங்காகக் கற்றால் ஒன்று முதல் இரண்டு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஐந்து நாள் பயிற்சிக்காரரிடம் இதை மட்டும் கேளுங்கள்: "என் பையன் தன் கையால் எத்தனை மீட்டர் பிலிம் ஒட்டுவான்?" ஒரு ரோல் ஏறத்தாழ 1.52 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம், விலை அதிகம். மற்றவர் ஒட்டுவதை வேடிக்கை பார்க்கவும் சர்டிபிகேட் வாங்கவும் பணம் கட்டத் தேவையில்லை. கற்றுக்கொள்ளும் இடமாகச் சம்பளத்துக்குச் சேர்ந்தால், வீணாகும் பிலிமைச் சம்பளத்தில் பிடிப்பார்களா என்று சேரும் முன்பே எழுதி வாங்குங்கள். ஒரு பானட் துண்டு வீணானால் ஒரு புதுப் பையனின் மாதச் சம்பளத்தில் பெரிய பங்கு போய்விடலாம். பிள்ளைகள் பாதியில் வேலையை விட்டுவிட்டு வர இதுவும் ஒரு காரணமாகலாம். பிலிம் கம்பெனி தரும் வாரண்டி பெரும்பாலும் மஞ்சளாவது, வெடிப்பது போன்ற பிலிமின் குறைகளுக்குத்தான். ஒட்டியதில் வரும் குறை கடையின் தலையில்தான் விழும். அதனால் முதலாளி கண்டிப்பாக இருப்பதைக் குறை சொல்ல முடியாது, கணக்கு மட்டும் தெளிவாக இருக்க வேண்டும்.

வேலை எங்கே கிடைக்கும்? உள்ளதைச் சொல்கிறோம், ராமநாதபுரத்தில் முழு வண்டிக்குப் பிலிம் போடுகிறவர்கள் குறைவு. முதல் சில வருடம் மதுரை, கோயம்புத்தூர், சென்னை என்று போக வேண்டியிருக்கும். திரும்பி வந்து இங்கே கடை போட்டால் பிலிம் மட்டும் சோறு போடாது. உப்பு கழுவுவது, வண்டியின் அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு, இவற்றுக்குத்தான் கரையோர வண்டிகளில் தேவை அதிகம். பிபிஎஃப் துருவைத் தடுக்காது, துரு பெரும்பாலும் கீழிருந்து வருவது. வாடிக்கையாளரிடமும் அவன் அதை நேர்மையாகச் சொல்லிப் பழகட்டும். கண்ணாடியில் கறுப்புப் பிலிம் ஒட்டச் சொல்லும் கடை வேண்டாம், 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது.

கீழக்கரை, தொண்டிப் பக்கத்துப் பிள்ளைகளைப் போல வளைகுடாவுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், கையில் இரண்டு வருட வேலை ஏறிய பிறகு அனுப்புங்கள். பத்தாவது தேறியிருப்பதால் அவன் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற முத்திரை வராது, அது ஒரு வசதி. விசிட் விசாவில் போய் வேலை தேடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி, அவ்வளவுதான். முகவரின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம்.

அப்பாவின் மனம் ஆற ஒரு நடுவழியும் உண்டு. ஐடிஐயில் வாகன பெயின்டிங் பிரிவு ஒரு வருடம், மோட்டார் வாகன மெக்கானிக் இரண்டு வருடம். பெயின்ட்டின் அடுக்குகளைப் படித்தவன் பிலிம் வேலைக்கு வந்தால் பிளேடு பிடிக்கும் கையே வேறு மாதிரி இருக்கும். கூடவே அரசுச் சான்றிதழ், அப்ரண்டிஸ் உதவித்தொகை, பிலிம் வேலை ஒத்துவராவிட்டால் பெயின்ட் ஷாப் வேலை. எங்களிடம் கேட்டால் இந்த வழியைத்தான் முதலில் சொல்வோம்.

எதற்கும் முன்னால் வீட்டிலேயே ஒரு சோதனை வையுங்கள். பழைய இரும்புக் கடையில் வளைவுள்ள ஒரு மட்கார்டு வாங்கிக் கொடுங்கள். பிலிம் கடையில் வெட்டி எறியும் துண்டுகளைக் கேட்டால் தருவார்கள். இரண்டு ஸ்ப்ரே பாட்டில், ஒரு மென்மையான ஸ்குவீஜி, ஒரு கட்டர், கேன் தண்ணீர். இரண்டு வாரம் அவன் போக்கில் விடுங்கள், சொல்லிக் கொடுக்க வேண்டாம், திட்டவும் வேண்டாம். முதல் பத்துத் துண்டு கண்டிப்பாகக் கெடும். இருபதாவது துண்டையும் அவனாகவே எடுத்து, மடிப்பு விழுந்த மூலையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தால், மதுரையில் நல்ல கடை தேடுங்கள். ஆறாவது துண்டிலேயே பாட்டிலை ஓரம் வைத்துவிட்டு எழுந்து போனால், ஐடிஐ சேர்க்கைக்குக் கடைசித் தேதி என்ன என்று விசாரியுங்கள்.