எந்தத் தெருவில் நடந்து பார்க்கச் சொல்கிறீர்கள்?

கேள்வி: டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் உலகின் பெரிய விளையாட்டு விழாக்களில் ஒன்று என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அதில் ஜெயித்தவர் தெருவில் நடந்து போனால் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். மெஸ்ஸியைத் தெரியாதவர் உண்டா? ஃபெடரரைத் தெரியாதவர் உண்டா? பெயரே தெரியாதவர்களை எதற்கு மாவீரர்கள் என்று எழுதுகிறீர்கள்?
– வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: தெரு என்றீர்களே, எந்த ஊர்த் தெரு?

பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரு மெட்ரோ நிலையத்தின் பெயர் எடி மெர்க்ஸ். சைக்கிள் வீரர். டூர் டி பிரான்ஸை ஐந்து முறை வென்றவர். மூன்று வாரம், நாளுக்கொரு பந்தயமாக நடக்கும் போட்டி அது; எல்லா நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, குறைந்த நேரம் எடுத்தவர்தான் டூரை வென்றவர். அவர் உயிரோடு இருக்கும்போதே, 2003-இல் வைத்த பெயர் அது. நிலையத்துக்குள் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் ஆரஞ்சு நிற சைக்கிள் நிற்கிறது. 1972-இல் மெக்சிகோ சிட்டியில், ஒரே மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி அவர் உலக சாதனை செய்த சைக்கிள். வேலைக்குப் போகிற கூட்டம் தினமும் அதைத் தாண்டித்தான் ரயில் பிடிக்கிறது. அந்த ஊரில் போய் ‘மெர்க்ஸ் யார்’ என்று கேட்டுப் பாருங்கள், உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

அடுத்து அஸ்மரா போகலாம். எரித்ரியாவின் தலைநகரம். இத்தாலியர்கள் ஆண்ட காலத்தில் அங்கே சைக்கிளைக் கொண்டுவந்தார்கள்; அவர்கள் போன பிறகும் பந்தயம் நிற்கவில்லை. அந்த ஊர்ப் பையன் பினியம் கிர்மாய் 2024 டூரின் நாள் பந்தயங்களில் மூன்றை வென்று, புள்ளிக் கணக்கில் முதலில் வருகிறவருக்குத் தரும் பச்சைச் சட்டையோடு வீடு திரும்பினார். டூரில் ஒரு நாள் பந்தயத்தை வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவர்தான். அவரை வரவேற்க ஊரே வீதியில் நின்றது. ஸ்லோவேனியா என்று ஒரு நாடு, மொத்த ஜனத்தொகையே சுமார் 21 லட்சம். அங்கிருந்து வந்து 2020, 2021, 2024, 2025 என நான்கு முறை டூரை வென்ற தடேய் பொகாச்சாரை அந்த நாட்டுக் குழந்தைக்கும் தெரியும்.

சரி, உங்கள் கேள்வியில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்த ஊர்களை விட்டு வெளியே வந்தால், நீங்கள் சொல்வதுதான் நடக்கிறது. ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் வீரரின் தகுதிக் குறைவு இல்லை.

முதலில், முகமே தெரிவதில்லை. கால்பந்து வீரரின் முகத்தைத் தொண்ணூறு நிமிடமும் கேமரா விடாமல் காட்டும். சைக்கிள் வீரருக்குத் தலையில் ஹெல்மெட், கண்ணில் பெரிய கறுப்புக் கண்ணாடி, குனிந்த முதுகு. 2003-இல் ஆந்த்ரேய் கிவிலெவ் என்ற வீரர் பந்தயத்தில் விழுந்து இறந்த பிறகுதான் ஹெல்மெட் கட்டாயம் ஆனது. உயிர் காக்கிற விஷயம், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்கு முன்னால் வெறுந்தலையும் துணித் தொப்பியுமாக ஓட்டிய காலத்தில், இத்தாலியின் ஃபாஸ்டோ கோப்பியை அவருடைய நீண்ட மூக்கை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

அப்புறம் அணிகளின் பெயர். அங்கே அணிக்குப் பெயர் ஊர் பெயர் இல்லை, பணம் போடுகிற கம்பெனியின் பெயர். கம்பெனி மாறினால் பெயரும் சட்டையும் மாறிவிடும். ஸ்கை என்று வழக்கமாகப் பார்த்த அணி 2019-இல் இனியோஸ் ஆகிவிட்டது. தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை ஒரே அணிக்குக் கத்துவதற்கு அங்கே வழியே இல்லை. அதனால் ரசிகர்கள் ஆளைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும், அந்த ஆளோ கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறார்.

இங்கிலாந்தைப் பாருங்கள். 2012-இல் பிராட்லி விக்கின்ஸ் டூரை வென்றார். பத்தே நாளில் லண்டன் ஒலிம்பிக்கில் தங்கமும் வென்றார். நாடே கொண்டாடியது. எதை வைத்து அவரை அடையாளம் கண்டார்கள் தெரியுமா? கிருதாவை வைத்து. ஹெல்மெட் வாருக்குக் கீழே கன்னம் முழுக்க இறங்கிய அந்தக் கிருதா ஊர் முழுக்கப் பிரபலமாகி, ஜனங்கள் காகிதத்தில் வெட்டிக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அடுத்த ஆண்டே கிறிஸ் ஃப்ரூம் டூரை வென்றார். ஒரு முறை இல்லை, 2017-க்குள் நான்கு முறை. விக்கின்ஸுக்குக் கிடைத்த கொண்டாட்டத்தில் பாதிகூட அவருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் கணிப்பு. ஜெயித்த கணக்கில் பார்த்தால் ஃப்ரூம் எங்கேயோ இருக்கிறார்.

இன்னொரு பெயர் உங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்: லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங். சைக்கிள் பக்கமே திரும்பாதவர்களுக்கும் தெரிந்த பெயர். 1999 முதல் 2005 வரை ஏழு டூர், ஊக்கமருந்து விவகாரத்தில் 2012-இல் ஏழும் பறிபோயின. உங்கள் அளவுகோலை வைத்தால், அந்த விளையாட்டிலேயே பெரிய வீரர் அவர்தான் என்று ஆகிவிடும். எனக்கு அந்த அளவுகோல் வேண்டாம்.

இந்தப் பந்தயம் ஜனங்களிடம் போகிற வழியே வேறு என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டேடியம் கிடையாது, டிக்கெட் கிடையாது. சாமி வீதி உலா வருவது மாதிரி, பந்தயம் உங்கள் வாசலுக்கு வருகிறது. ஜூலை வெயிலில் சாலையோரம் நாற்காலி போட்டு, சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து, குடும்பமாகக் காலையிலிருந்தே உட்கார்ந்திருப்பார்கள். முதலில் விளம்பர வண்டிகள் வரிசையாக வந்து மிட்டாயும் தொப்பியும் வீசிவிட்டுப் போகும். வெகுநேரம் ஒன்றும் நடக்காது. பிறகு மேலே ஹெலிகாப்டர் சத்தம் கேட்கும். எல்லாரும் எழுந்து நிற்பார்கள். சர்ரென்று ஒரு காற்று, நூற்றைம்பது சைக்கிள், அரை நிமிடம், அவ்வளவுதான். அந்த அரை நிமிடத்துக்காக வருஷா வருஷம் வந்து நிற்கிறவர்களிடம் போய் ‘இவர்களை யாருக்குத் தெரியும்’ என்று கேட்க எனக்கு மனசு வராது.

அப்படி நின்றவர்கள் யாரை அதிகம் நேசித்தார்கள் தெரியுமா? டூரை ஒருமுறைகூட ஜெயிக்காத ஒருவரை.

ரேமோன் பூலிதோர். குத்தகை விவசாயி வீட்டுப் பிள்ளை. 14 டூர் ஓட்டினார். மூன்று முறை இரண்டாம் இடம், ஐந்து முறை மூன்றாம் இடம். மொத்தப் போட்டியில் முதலில் இருப்பவர் போடும் மஞ்சள் சட்டையை ஒரே ஒரு நாள்கூட அவர் போட்டதில்லை. அதே காலத்தில் ஐந்து டூர் வென்றவர் ஜாக் ஆன்கெத்தில். அளந்து, கணக்குப் போட்டு ஓட்டுகிறவர். 1964 ஜூலை 12 அன்று, புய் த தோம் என்ற அணைந்த எரிமலையின் மேல் இருவரும் மோதினார்கள். தோளோடு தோள் உரச, யாரும் யாருக்கும் ஓரடி விடாமல் ஏறுகிறார்கள். அப்போது எடுத்த புகைப்படத்தில் இரண்டு பேருடைய முழங்கையும் ஒன்றையொன்று இடிக்கிறது. உச்சிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது ஆன்கெத்தில் தளர, பூலிதோர் பிய்த்துக்கொண்டு போனார். ஆனாலும் மேலே போய்க் கணக்குப் பார்த்தால், மொத்த நேரத்தில் ஆன்கெத்திலிடம் இன்னும் 14 விநாடி முன்னிலை மிச்சம் இருந்தது. பாரிஸில் பந்தயம் முடிந்தபோது பூலிதோர் தோற்றது 55 விநாடியில். மூன்று வாரம் ஓட்டிவிட்டு, 55 விநாடி.

ஜெயித்தது ஆன்கெத்தில், சாலையோரம் ஜனங்கள் கத்தியது ‘பூபூ’ என்று. பூலிதோருக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர். ஐந்து முறை ஜெயித்தவருக்கு அது கடைசிவரை உறுத்தியது. இன்றைக்கும் பிரான்ஸில் எப்போதும் இரண்டாவதாக வருகிறவரை, அரசியலோ தேர்வோ எதுவானாலும், ‘பூலிதோர்’ என்றே சொல்லிவிடுவார்கள். ஒரு மனிதரின் பெயர் பேச்சு மொழியில் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. இதைவிடப் பிரபலம் என்று எதைச் சொல்வீர்கள்?

பந்தயத்தை விட்ட பிறகும் அவர் ஆண்டுதோறும் டூருக்கு வந்து, கேட்டவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். 2019 நவம்பரில், 83 வயதில் காலமானார்.

2021-இல் அவருடைய பேரன் மத்தியூ வான் டெர் பூல் முதன்முறையாக டூருக்கு வந்தார். இரண்டாம் நாள், பிரான்ஸின் பிரிட்டானிப் பகுதியில் ஒரு மேட்டின் உச்சியில் எல்லாரையும் முந்திக் கோட்டைத் தாண்டினார். 14 டூர் ஓட்டியும் தாத்தாவுக்குக் கிடைக்காத மஞ்சள் சட்டை அன்று பேரனுக்கு வந்தது. கோட்டைத் தாண்டும்போது அவர் ஒரு விரலை வானத்தை நோக்கி உயர்த்தினார். பிறகு அழுதுவிட்டார். அந்த விரல் யாரைக் காட்டுகிறது என்று பிரான்ஸில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.