பெயின்ட்பால்: துப்பாக்கிக்கு முன் முகக்கவசம்

வணக்கம் தம்பி. திருகோணமலையில் நண்பர்களோடு பெயின்ட்பால் (சாயம் நிரப்பிய சிறு குண்டுகளால் ஒருவரையொருவர் சுட்டு ஆடும் விளையாட்டு) விளையாட, சேமிப்பு முழுவதையும் போட்டு மின்னணுத் துப்பாக்கி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். துப்பாக்கி விலை கூடியது என்பதற்காகக் குண்டு வேகமாகப் பாய்ந்துவிடாது. திடல்களில் பொதுவாக நொடிக்கு 300 அடிக்கு மேல் வேகத்தை அனுமதிப்பதில்லை.

முகக்கவசத்துக்குத் தாராளமாகச் செலவழியுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒற்றை அடுக்குக் கண்ணாடி விரைவில் மங்கிவிடும். துடைப்பதற்காக ஆட்டத்தின் நடுவே கவசத்தைக் கழற்றினால் கண்ணே போய்விடலாம், தயவுசெய்து இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். இரட்டை அடுக்குக் கண்ணாடி உள்ளதையே தேடுங்கள்.

குண்டுகளின் ஓடு ஜெலட்டின். கடற்காற்றின் ஈரத்தில் உப்பி, எவ்வளவு விலையுயர்ந்த துப்பாக்கியானாலும் குழலுக்குள்ளேயே உடையும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வெளிநாட்டிலிருந்து துப்பாக்கியை வரவழைப்பதென்றால், பணம் கட்டுவதற்கு முன்பே சுங்கத்தில் விசாரித்துவிடுங்கள்.