பெருமாள்புரம், மகாராஜநகர் பக்கம் வீடு வாங்கலாமா?

கேள்வி: சென்னையில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் தென்காசிப் பக்கம். பிற்காலத்துக்குப் பாளையங்கோட்டையில் பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர் மாதிரி வசதியான ஏரியாவில் பழைய வீடாக வாங்கலாமா, இல்லை ஊருக்கு வெளியே மனை வாங்கிக் கட்டலாமா? அங்கே குடியிருப்பது எப்படி இருக்கும்? மனைவி பெயரில் பதிந்தால் செலவு குறையுமா?

பதில்:

வந்து குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் உள்ளே பழைய வீடு வாங்குங்கள். பணத்தைப் போட்டு வைத்துவிட்டுச் சென்னையிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் இந்த ஏரியாவே வேண்டாம். போட்ட தொகைக்கு வரும் வாடகை, அதே பணத்துக்கு வங்கி கொடுக்கும் வட்டியில் பாதிகூடத் தேறாது. பூட்டிப் போட்டால் கரையானும் ஆலஞ்செடியும்தான் அனுபவிக்கும்.

நான் பிறந்து வளர்ந்தது திருநெல்வேலி டவுன், ரத வீதியை ஒட்டிய சந்து. இப்போது இருப்பது பெருமாள்புரம். அதனால் இரண்டு பக்கமும் தெரியும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

சென்னையில் பணக்கார ஏரியா என்றால் பெரிய கேட், உள்ளே நாலு கார், வாசலில் காவலாளி என்று ஒரு படம் மனதில் வரும். இங்கே அப்படி எதிர்பார்த்து வராதீர்கள். பாளையங்கோட்டையின் இந்தத் தெருக்களை உண்டாக்கியவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள்: கல்லூரிப் பேராசிரியர்கள், மின்வாரியப் பொறியாளர்கள், வங்கிக்காரர்கள், தாலுகா ஆபீஸ் ஊழியர்கள், டாக்டர்கள். ஐந்தோ பத்தோ சென்ட் வாங்கி, கடன் போட்டு, மொசைக் தரையும் மொட்டை மாடியுமாகக் கட்டினார்கள். பிள்ளைகளைச் சேவியரிலும் இக்னேஷியஸிலும் படிக்கவைத்தார்கள். பிள்ளைகள் படித்து, சென்னை, பெங்களூர், துபாய், அமெரிக்கா என்று போய்விட்டார்கள். இப்போது பல வீடுகளில் கணவன் மனைவி இரண்டே பேர். சில வீடுகளில் ஒருவர் மட்டும்.

விலை ஏன் ஏறிக் கிடக்கிறது என்பதற்கும் விடை அந்த இரண்டு பேர்தான். ஹைகிரவுண்டில் 1965இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி, அதோடு சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரி. வண்ணார்பேட்டைப் பக்கம் போனால் தனியார் ஆஸ்பத்திரிகள் வரிசையாக இருக்கின்றன. மகாராஜநகரில் உழவர் சந்தை, பக்கத்திலேயே புதிய பேருந்து நிலையம். பிள்ளைகள் வந்துபோக, 2023 செப்டம்பரிலிருந்து சென்னைக்கு வந்தே பாரத் ஓடுகிறது. தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தில் 2025இல் புதிய முனையமும் திறந்தாகிவிட்டது. எழுபது வயதில் நெஞ்சு வலித்தால் ஆட்டோ பிடித்துப் பத்து நிமிடத்தில் டாக்டரிடம் போய்விடலாம் என்ற நிம்மதிக்குத்தான் அங்கே சென்ட் விலை. கட்டடத்துக்கு யாரும் பெரிதாக விலை வைப்பதில்லை. (இங்கே கிரவுண்ட் கணக்கு பேச மாட்டார்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஐந்தரை சென்ட் என்றால் ஏறக்குறைய உங்கள் ஒரு கிரவுண்ட்.)

குடியிருக்க எப்படி இருக்கும்? அமைதியாக இருக்கும். கொஞ்சம் அதிகமாகவே அமைதியாக இருக்கும். டவுனில் இருந்து அம்மாவைக் கூட்டி வந்தபோது முதல் வாரமே, "ஏன்டா, இந்தத் தெருவுல மனுஷங்க இருக்காங்களா இல்லையா? கீரைக்காரிகூட சத்தம் போடாமப் போறா" என்றாள். டவுனில் அவளுக்கு எதிர்த்த வீட்டு மைனியிடம் ஒரு மணி நேரம் பேச நடைவாசலில் வந்து நின்றால் போதும். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "சார், தண்ணி வந்துச்சா?" என்பதோடு முடிந்துவிடும். ஆனித் தேரோட்டத்துக்கு இன்னமும் நான்தான் அம்மாவை டவுனுக்குக் கூட்டிப் போகிறேன். உங்கள் மனைவிக்கு ஆள் சத்தம் வேண்டுமென்றால் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த அமைதி பிடித்திருக்கிறது. அம்மாவுக்கு இன்றுவரை இல்லை.

அடுத்தது தண்ணீர். பைப்பில் வருவதை விட்டுவிடுங்கள், தெருவில் வருவதைச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி பொங்கி, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள்ளேயே ஆறு வந்துவிட்டது. ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர். பாளையங்கோட்டை மேடு, இங்கே பயமில்லை என்று தரகர் சொல்வார். ஆறு ஏறி வராது என்பது பெரும்பாலும் உண்மைதான். குளமும் கால்வாயும் வருமே! மேலப்பாளையம் வழியாக ஊருக்குள் வரும் பாளையங்கால்வாய், வேய்ந்தான்குளம், இப்போது பெயர் மட்டும் மிஞ்சியிருக்கும் சின்னச் சின்ன ஓடைகள் எல்லாம் மழை வலுத்தால் தங்கள் பழைய வழியைத் தேடித்தான் போகும். ஒரே ஏரியாவில் ஒரு தெருவில் முழங்கால் தண்ணீர், அடுத்த தெருவில் ஈரம்கூட இல்லை என்ற கதை அதனால்தான்.

ஆகவே வீட்டை ஐப்பசி, கார்த்திகையில் வந்து பாருங்கள். நம் பக்கத்துக்குப் பெருமழை அப்போதுதான். காம்பவுண்டுச் சுவரின் உள்பக்கத்தில் தண்ணீர் நின்ற கோடு இருக்கிறதா என்று பாருங்கள். விற்கப்போகிறவர்கள் வெளிப்பக்கத்துக்கு மட்டும்தான் பெயின்ட் அடிப்பார்கள். ரோட்டை விட வாசற்படி தாழ்ந்திருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டு, எண்பதுகளில் கட்டிய பல வீடுகள் இப்போது பள்ளத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஜாக்கி வைத்துத் தூக்கலாம் என்பார்கள். தூக்கலாம்தான், அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்தால் எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று படிக்கட்டுக் கணக்கில் சொல்வார்கள். வயதானவர் யாராவது இருந்தால் 1992 நவம்பர் வெள்ளத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

வெயிலும் காற்றும் தனி விஷயம். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் என்று நீங்கள் சந்தோஷப்படும்போது, பாளையங்கோட்டைக்கு வருவது அந்தக் காற்று மட்டும்தான், கூடவே புழுதி. மேற்கில் நல்ல ஜன்னல் உள்ள வீட்டில் அந்த இரண்டு மாதம் ஃபேனே வேண்டாம். அதே ஜன்னல் சித்திரையில் அடுப்பு. மேற்கில் ஒரு வேம்போ மாவோ நிற்கிற வீடு கிடைத்தால் கூடக் கொஞ்சம் கொடுத்தாலும் தப்பில்லை.

இனி பத்திரம். இங்கே பத்திரச் சிக்கல் வருவது பெரும்பாலும் மோசடியால் இல்லை, வாரிசுகளால். வீட்டுக்காரர் காலமாகி, பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். மூத்தவர் அமெரிக்காவில், பெண் ஓமனில், கடைசிப் பையன் இங்கே. கடைசிப் பையன்தான் வீட்டைக் காட்டுவார், "அக்காவுக்கு எதுவும் வேண்டாம்னுட்டா" என்பார். அக்கா வாயால் சொன்னது பதிவு அலுவலகத்தில் செல்லாது. வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். பாளையங்கோட்டையில் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்கள் கலந்திருப்பதால் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதும் வீட்டுக்கு வீடு மாறும். இதை வக்கீலிடம் விடுங்கள், தரகரிடம் விடாதீர்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் தன் சார்பில் இன்னொருவர் கையெழுத்துப் போடப் பவர் கொடுத்தால், அது இந்தியத் தூதரகத்திலோ அங்குள்ள நோட்டரியிடமோ சான்றொப்பம் பெற்றதாக இருக்க வேண்டும். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றையும் பதிவின்போது கேட்பார்கள். வரியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. விற்பவர் இங்கேயே வசிப்பவர் என்றால், விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருக்கும்போது 1 சதவீதம் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டினால் போதும். வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அந்த 1 சதவீதக் கணக்கே செல்லாது. பல வருடம் வைத்திருந்த வீட்டுக்கு 12.5 சதவீதமும் அதன் மேல் செஸ் முதலானவையும் பிடிக்க வேண்டிவரும். பிடிக்காமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டால் துறை வந்து நிற்பது உங்கள் வாசலில்தான். குறைந்த விகிதத்துக்கு அவர் சான்றிதழ் வாங்கி வந்தால் அதன்படி பிடிக்கலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதைப் பேசிவிட வேண்டும். பிறகு பேசினால் சண்டைதான்.

வில்லங்கச் சான்று இணையத்தில் 1975 முதல் பார்க்கலாம். அதற்கு முந்தைய தாய்ப்பத்திரத்தைக் கையில் வாங்கிப் படியுங்கள், ஜெராக்ஸ் வேண்டாம். வீட்டு வரி ரசீது, குடிநீர் இணைப்பு, பாதாளச் சாக்கடை இணைப்பு மூன்றும் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவைப் பொறுத்தவரை முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 80 லட்சம் என்றால் 7 லட்சத்து 20 ஆயிரம். புதிதாகக் கட்டிய அடுக்குமாடி பிளாட்டை முதன்முதலாக வாங்குபவருக்கு முத்திரைத் தீர்வை இதைவிடக் குறைவு, ஆனால் உங்கள் கேள்வி அதைப் பற்றியது இல்லை. "வழிகாட்டி மதிப்புக்குப் (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் விலை) பதிந்துவிட்டு மீதியை ரொக்கமாக" என்று ஆரம்பிப்பார்கள். வேண்டாம். வங்கிக் கடனும் அந்தப் பத்திர விலைக்குத்தான் கிடைக்கும், நாளைக்கு நீங்கள் விற்கும்போது வரியும் உங்கள் தலையில் ஏறும். கட்டடம் பழசு என்றால் கடன் தொகையையும் வருடத்தையும் வங்கி குறைக்கும், அதற்கும் கையில் பணம் வைத்திருங்கள்.

ஊருக்கு வெளியே மனை? கே.டி.சி. நகர் தாண்டியும், ரெட்டியார்பட்டிப் பக்கமும், நான்குவழிச் சாலை ஓரத்திலும் கொடி கட்டி விற்கிறார்கள். டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்புத் துறை) அங்கீகார எண் இருக்கிறதா, 2016 அக்டோபர் 20க்குப் பிறகு போட்ட அங்கீகாரமில்லாத மனையா, கிராமக் கணக்கில் அது நஞ்சையா, குளத்துப் புறம்போக்கை ஒட்டியதா என்று பாருங்கள். முப்பது வயதென்றால் வாங்கிக் கட்டுங்கள் என்பேன். ஓய்வுக் காலத்துக்கு வருகிறவர், மருந்துக் கடைக்குக்கூட வண்டி எடுக்கிற இடத்தில் எதற்கு?

மனைவி பெயர் விஷயம்: 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு, ஆனால் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்குத்தான். பெருமாள்புரத்தில் அந்தத் தொகைக்குக் கார் நிறுத்தும் இடம்கூடக் கிடைக்காது. சலுகைக்காக இல்லாமல், இரண்டு பேர் பெயரிலும் சேர்த்துப் பதியுங்கள். கடனும் கூட்டாக வாங்கினால் இரண்டு சம்பளத்தையும் வங்கி கணக்கில் எடுத்துக்கொள்ளும்.