காற்றுப்பை மட்டும் போதுமா?

கேள்வி: கனடாவின் கால்கரியில் வேலை பார்க்கும் என் மகன், குளிர்காலத்தில் நண்பர்களுடன் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளுக்குப் போய் ஸ்னோமொபைல் என்ற பனியில் ஓடும் மோட்டார் வண்டியை ஓட்டுகிறான். பனிச்சரிவைப் பற்றிக் கேட்டால், "ஏர்பேக் வாங்கிவிட்டேன், பயப்படாதீங்கம்மா" என்கிறான். அது மட்டும் போதுமா?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: போதாது, அம்மா. முதுகுப்பையாக மாட்டிக்கொள்ளும் அந்தக் காற்றுப்பையை அவர் வாங்கியது நல்ல காரியம்தான். டப்பாவில் அரிசியோடு நான்கு கொட்டைப்பாக்கைப் போட்டுக் குலுக்கினால் பாக்கு மேலே வந்துவிடும் அல்லவா? கைப்பிடியை இழுத்ததும் சுமார் 150 லிட்டர் அளவுக்கு ஊதிக்கொள்ளும் அந்தப் பையும், அவ்வாறே, ஓடும் பனியில் ஆளை மேற்பரப்புக்கு அருகே வைத்திருக்க உதவுகிறது. ஆனால் பதற்றத்தில் கைப்பிடியை இழுக்கத் தவறினால் பயனில்லை. மரத்திலோ பாறையிலோ மோதுவதையும் அது தடுக்காது.

புதைந்தவரை முதல் 10 நிமிடங்களுக்குள் எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடங்கள் ஆகும்போது அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. மீட்புக் குழு அதற்குள் மலையேறி வர இயலாது. தோண்ட வேண்டியவர்கள் உடன் வந்த நண்பர்களே. ஆகவே புதைந்தவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க உதவும், 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் டிரான்சீவர் என்ற ரேடியோ கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் நீண்ட மடக்குக் கம்பி, உலோக மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும், வண்டியில் அல்லாமல் உடலோடு இருக்க வேண்டும். சரிவில் வண்டி ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமும் போய்விடுவது உண்டு. டிரான்சீவரின் சமிக்ஞை குழம்பாமல் இருக்க, கைப்பேசியை அதிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும்.

கருவிகளைவிடப் பயிற்சியையே நான் பெரிதாக நினைக்கிறேன். உயிர் பறிக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றைச் சிக்கியவரோ அவருடைய குழுவினரோதான் கிளப்பிவிடுகிறார்கள். அவலாஞ்ச் கனடா என்ற அமைப்பு வகுத்த பாடத்திட்டத்தின் முதல்நிலைப் பயிற்சி இரண்டு நாள். ஸ்னோமொபைல் ஓட்டுபவர்களுக்கென்றே தனி வகுப்பும் உண்டு. 30 முதல் 45 பாகை வரையிலான சாய்வுகளை அடையாளம் காண்பது, சாய்வில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே ஏறுவது, மேலே ஒருவருடைய வண்டி சிக்கிக்கொண்டால் மற்றவர்கள் உதவப் பாயாமல் பாதுகாப்பான இடத்தில் காத்திருப்பது ஆகியவற்றை அங்கே பழக்குகிறார்கள். 2008 டிசம்பர் 28 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெர்னி நகருக்கு அருகே, ஸ்னோமொபைல் ஓட்டிச் சென்ற 11 பேர் சிக்கினர்; முதல் பனிச்சரிவில் புதைந்தவர்களை மீட்க வந்தவர்கள் மீதும் அடுத்த சரிவு விழுந்தது. அவர்களில் 8 பேர் இறந்தனர்.

அந்த அமைப்பு குளிர்காலத்தில் வெளியிடும் முன்னறிவிப்பில் ஆபத்து ஐந்து நிலைகளாகக் குறிக்கப்படும். நம் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டைப் பார்த்துவிட்டுக் கடலில் இறங்குவதா என்று மீனவர்கள் முடிவெடுப்பதைப் போல, புறப்படும் காலையில் அதைப் படித்தாக வேண்டும். இந்தப் பருவம் தொடங்குமுன், நண்பர்கள் அனைவரையும் சேர்த்துக்கொண்டு வகுப்பில் பெயர் பதியுமாறு மகனிடம் சொல்லுங்கள்.