கடுங்குளிர் மலைகளில் பூக்கும் செடிகளில் உங்களை அதிகம் வியக்க வைத்தது எது?

என்னைக் கேட்டால் ரியம் நோபில் என்றுதான் சொல்வேன். சிக்கிம் ருபார்ப் என்றும் அழைக்கிறார்கள். கிழக்கு நேபாளம், சிக்கிம், பூடான், தென்கிழக்குத் திபெத் எனக் கிழக்கு இமயமலைப் பக்கம், ஏறக்குறைய 4,000 மீட்டருக்கு மேல் வளர்கிறது. அந்த உயரத்தில் மரமே கிடையாது, இருக்கிற செடிகளும் காற்றுக்குப் பயந்து தரையோடு ஒட்டிக் கிடக்கும், இது மட்டும் பாறைச் சரிவில் ஓர் ஆள் உயரத்துக்கு வெளிர்மஞ்சள் கோபுரம் போல நிமிர்ந்து நிற்கும். 1840களின் கடைசியில் சிக்கிமில் அலைந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், லாச்சென் பள்ளத்தாக்கின் கரும்பாறைகளில் இதை ஒரு மைல் தூரத்திலிருந்தே பார்த்ததாக எழுதியிருக்கிறார்.

படத்தில் பார்க்கும்போது அந்தக் கோபுரம்தான் பூ என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை. அவை பூவடிச் செதில்கள், ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று கவிழ்ந்திருக்கும் மெல்லிய இலைகள். நிஜப் பூக்கள் பொடிப்பொடியாக உள்ளே ஒளிந்திருக்கின்றன. செதில் வெளிச்சத்தை உள்ளே விடும், புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும், அதனால் வெயில் அடிக்கும்போது உள்ளே வெளியைவிடப் பல டிகிரி கதகதப்பாக இருக்கும். அப்புறம் இது பூப்பது ஜூன், ஜூலையில், அதாவது சரியான மழைக்காலத்தில். இந்தச் செதில் குடை இல்லாவிட்டால் மகரந்தம் நனைந்து வீணாகிவிடும். செதில்களை அகற்றிச் சோதித்தபோது விதைகள் குறைந்துபோயின.

மகரந்தம் சுமப்பவை கொசு மாதிரியான சின்னஞ்சிறு பூச்சிகள். பூவிலேயே முட்டையும் இடும், புழுக்கள் விதையில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டுப் போகும், மிச்சம் செடிக்கு. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும்.

மனதைப் பிசைவது இதன் ஆயுள்தான். பல வருடம் தரையில் வெறும் இலைக்கொத்தாகக் கிடந்து, வேரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒரே ஒரு முறை பூத்துக் காய்த்ததும் செத்துவிடும். தண்டு புளிப்பாக இருக்கும், அங்குள்ளவர்கள் சாப்பிடுவதுண்டு. ஆனால் வேடிக்கை பார்க்க மலையேறுகிறவர்கள் தயவுசெய்து ஒடிக்காதீர்கள், விதை விழுவதற்கு முன் தண்டு போனால் அந்தச் செடிக்கு இன்னொரு தடவை கிடையாது. விட்டுவைத்தால், காய் முற்றும் நேரத்தில் செதில்கள் காய்ந்து உதிர்ந்துவிடும், விதைகளைக் காற்று கொண்டுபோகும்.