சிங்க்குக்கு மேலே எந்த விளக்கு போடலாம்?

சிங்க் பக்கம் இருட்டாக இருக்கிறது, மேலே உள்ள அலமாரிக்கு அடியில் விளக்கு போட்டால் தண்ணீர் தெறித்து ஷாக் அடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் கடையில் கொடுப்பதை அப்படியே வாங்கிவிடாதீர்கள்.

எங்கள் வீட்டிலும் சமையலறை நடுவில் ஒரே டியூப்லைட்தான் இருந்தது. சிங்க் முன்னால் நின்றால் வெளிச்சம் முதுகில் விழும், நம் நிழல் தொட்டிக்குள் விழும். கீரையில் மண் போயிற்றா என்று பார்க்க அம்மா ஒவ்வொரு முறையும் ஜன்னலோரம் போவார். எலக்ட்ரீஷியன் ஒருவர் ரோப் லைட் (பிளாஸ்டிக் குழாய்க்குள் குட்டி விளக்குகள் வரிசையாக உள்ளது) சுருளை வெட்டி அலமாரிக்கடியில் ஒட்டிக் கொடுத்தார். பளிச்சென்று எரிந்தது. சில வாரங்கள் கழித்து ஈரத் துணியால் அதைத் துடைத்த அம்மாவுக்கு ஷாக் அடித்தது. நல்லவேளையாகக் கையை உதறிக்கொண்டு விலகிவிட்டார். வெட்டிய முனையின் மூடி தளர்ந்திருந்தது. அந்த வகைச் சுருளில் ஓடுவது வீட்டு மின்சாரமான 230 வோல்ட் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆகவே 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப் (குட்டி எல்.இ.டி.கள் பதித்த ஒட்டும் பட்டை) என்று கேட்டு வாங்குங்கள். சிலிகோன் பூச்சுள்ள ஐபி65 (தூசு, தண்ணீர் புகாமைக்கான தரக்குறி) வகையாக இருந்தால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். அதன் டிரைவர், அதாவது 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் பெட்டி, 'ஐசோலேட்டட்' (இரு பக்க மின்சாரமும் நேரடியாக இணையாத) வகையாக இருக்க வேண்டும், 230 வோல்ட் அந்தப் பெட்டியோடு நின்றுவிட வேண்டும். பெட்டியைச் சிங்க்கிலிருந்து தள்ளி, காற்றோட்டமுள்ள உயரமான இடத்தில் வையுங்கள். சுவிட்சும் ஈரக் கை சட்டென்று எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

ஸ்ட்ரிப்பைச் சுவரோரம் ஒட்டினால் சுவர்தான் பளபளக்கும். அலமாரியின் முன்விளிம்பையொட்டி, உள்பக்கமாக ஒட்டுங்கள். வெளிச்சம் நேராகத் தொட்டிக்குள் இறங்கும். பால்நிற மூடியுள்ள அலுமினியச் சட்டத்துக்குள் பொருத்துவது நல்லது. இல்லாவிட்டால் ஒவ்வொரு எல்.இ.டி.யும் ஈரமான எவர்சில்வரில் புள்ளிபுள்ளியாகத் தெரிந்து கண்ணைக் கூசும். எங்களுக்கு இரண்டடி நீளம், சுமார் 6 வாட், 4000 கெல்வின் நிறம் (மஞ்சளும் நீலமும் தூக்கலாக இல்லாத வெள்ளை) போதுமானதாக இருக்கிறது. மீன் கழுவும்போது ஒட்டியிருக்கும் செதில்கூடத் தெரிகிறது.

விளக்கைவிட முக்கியமானது, மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்பது. எம்.சி.பி. (மின்சாரம் அளவுக்கு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 6 ஆம்பியர் எம்.சி.பி. வயரைத்தான் காக்கும், மனித உடல் வழியாகக் கசியும் சிறு மின்சாரம் அதற்குத் தெரியவே தெரியாது. ஆர்.சி.சி.பி.யோ ஃபேஸ் வயரில் போனது நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்த்து, குறைந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். எர்த் இல்லாத பழைய வயரிங்கிலும் இது வேலை செய்யும். அதற்காக எர்த் போடாமல் விட்டுவிடாதீர்கள். மாதம் ஒருமுறை அதன் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் தானாகக் கீழே விழவில்லையென்றால் உடனே மாற்றுங்கள்.

எலக்ட்ரீஷியன் வரும் அன்றே, சிங்க்குக்கு மேல் தொங்கும் குடிநீர் சுத்திகரிப்பானின் பிளக்கையும் வேறு பக்கம் மாற்றிவிடச் சொல்லுங்கள்.